ஒரே நாளில் கலைக்கப்பட்ட போலீஸ்

சோவியத் ஒன்றியத்தில் போலீஸ் ஒருபோதும் மக்களுக்குப் பதில் சொன்னதில்லை. ‘மிலிட்சியா’ என்று அழைக்கப்பட்ட அந்தப் படை உள்துறை அமைச்சகத்தின் கையில் இருந்தது. அமைச்சகமோ கம்யூனிஸ்ட் கட்சியின் கையில். வேவு பார்க்கத் தனியாக கேஜிபி இருந்தது. 1991-ல் ஒன்றியம் உடைந்து 15 நாடுகள் ஆனபோது கட்சி போனது, மிலிட்சியா நின்றது. அதற்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கப் புதிய அரசுகளிடம் பணமில்லை. இந்த மரபை உடைக்க மிகத் துணிச்சலான முயற்சி நடந்த நாடு, காக்கசஸ் மலைகளின் தெற்கே உள்ள ஜார்ஜியா.

விடுதலை பெற்ற முதல் சில ஆண்டுகளிலேயே அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அப்காசியாவும் தெற்கு ஒசெட்டியாவும் கைவிட்டுப் போயின. தலைநகர் திபிலிசியில் ஆயுதக் குழுக்கள் வைத்ததே சட்டம். சோவியத் தலைவர் கோர்பச்சேவின் வெளியுறவு அமைச்சராக இருந்த எட்வர்ட் ஷெவர்ட்நாட்சே 1992-ல் திரும்பிவந்து ஆட்சியேற்றார். ஒரு காலத்தில் சோவியத் ஜார்ஜியாவின் உள்துறை அமைச்சராக இருந்தவர் அவர். ஆயுதக் குழுக்களை அடக்கினார். போலீஸை மட்டும் திருத்தவில்லை. போக்குவரத்துக் காவலர் வேலைக்கே பணம் கட்ட வேண்டும். கட்டியதைச் சாலையில் வண்டிகளை நிறுத்தி மீட்டார்கள். வசூலில் ஒரு பங்கு மேலதிகாரிக்குப் போனது. மாமூல் வாங்காதவர் அந்த வேலையில் நிலைக்க முடியாது.

2003 நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் மோசடி நடந்ததாக மக்கள் வீதிக்கு வந்தார்கள். ரத்தம் சிந்தாமல் ஷெவர்ட்நாட்சே பதவி விலகினார். ‘ரோஜாப் புரட்சி’ என்று பெயர் பெற்ற இந்த எழுச்சிக்குப் பிறகு, 36 வயது மிகைல் சாகாஷ்விலி அதிபரானார். 2004 கோடையில் போக்குவரத்துப் போலீஸ் முழுவதையும் அவரது அரசு ஒரேயடியாகக் கலைத்தது. வேலையிழந்தவர்கள் சுமார் 16,000 பேர். சில வாரங்களில், புதிதாகத் தேர்வு செய்யப்பட்ட இளைஞர்கள், பல மடங்கு உயர்ந்த சம்பளத்துடன், புதுச் சீருடையில் ரோந்துக் கார்களில் வந்தார்கள். காவல் நிலையங்களுக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். ‘சட்டத் திருடர்கள்’ என்று பட்டம் கொண்ட தாதாக்களுக்கு எதிராக 2005-ல் ஒரு சட்டம் வந்தது. அந்தப் பட்டத்தை வைத்திருப்பதே குற்றம் என்றது அது. சாலை லஞ்சம் ஏறக்குறைய ஒழிந்தது. அன்றாட வாழ்வில் மக்கள் உணர்ந்த இந்த மாற்றத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் லஞ்சம் வாங்காத போலீஸ் வேறு, கேள்விக்கு உட்பட்ட போலீஸ் வேறு. ஜார்ஜியா முதலாவதைச் சாதித்தது. இரண்டாவதைத் தொடவே இல்லை. 2004 இறுதியில் உளவுத் துறையையும் போலீஸையும் ஒரே அமைச்சகத்தில் இணைத்தார்கள். வானோ மெராபிஷ்விலி 2012 வரை அதன் அமைச்சராக இருந்தார். நாடாளுமன்றம் ஆளுங்கட்சியின் பிடியில் இருந்தது. நீதிபதிகள் அரசு வழக்குரைஞரை மறுத்துப் பேசுவது அபூர்வம். 2006 ஜனவரியில், ஒரு விடுதியில் உள்துறை உயரதிகாரிகள் இருந்த மேசையினரோடு வாய்த்தகராறில் சிக்கிய இளம் வங்கி ஊழியர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். அதை விசாரித்ததும் அதே அமைச்சகம்தான். விசாரணை சுதந்திரமாக நடக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. 2007 நவம்பரில் எதிர்க்கட்சிப் பேரணியைக் கண்ணீர்ப்புகையால் கலைத்த போலீஸ், இமெதி தொலைக்காட்சி நிலையத்துக்குள்ளும் புகுந்தது.

சிறு குற்றத்துக்கும் சிறை என்ற கொள்கையால், சுமார் 40 லட்சம் பேர் வாழும் நாட்டில் கைதிகள் ஏறத்தாழ 24,000 ஆனார்கள். 2012 செப்டம்பரில், திபிலிசியின் கிள்தானி சிறையில் கைதிகள் சித்திரவதைக்கு உள்ளாகும் காணொளிகள் தொலைக்காட்சியில் வெளியாயின. இரண்டு வாரத்தில் தேர்தல். செல்வந்தர் பிட்சினா இவானிஷ்விலியின் ‘ஜார்ஜியக் கனவு’ கூட்டணி வென்றது. சாகாஷ்விலி தோல்வியை ஏற்றார். வாக்குச்சீட்டால் ஆட்சி மாறிய அந்த நாள் ஜார்ஜிய மக்களாட்சியின் உண்மையான சாதனை.

ஜார்ஜிய அனுபவம் உக்ரைனுக்கும் போனது. 2014-ல் அதன் தலைநகர் கீவில் போராட்டக்காரர்களைச் சுட்ட ‘பெர்குட்’ போலீஸ் படை கலைக்கப்பட்டது. முன்பு ஜார்ஜியாவின் துணை உள்துறை அமைச்சராக இருந்த எகா சகுலாட்சே உக்ரைனில் அதே துறையில் பொறுப்பேற்றார். 2015 ஜூலையில் கீவ் தெருக்களில் புதிய ரோந்துப் போலீஸ் இறங்கியது. தெருவில் நின்றவர்கள் புதியவர்கள். விசாரணைப் பிரிவுகளிலோ பழைய மிலிட்சியாக்காரர்கள் பெரும்பாலும் தொடர்ந்தார்கள்.

ஜார்ஜியாவிலோ, 2012 தேர்தலில் வந்த புதிய அரசு பொது மன்னிப்பில் ஆயிரக்கணக்கானோரை விடுவித்தது. 2015-ல் உளவுத் துறையை மீண்டும் தனியாகப் பிரித்தது. அதிகாரிகளின் அத்துமீறலை விசாரிக்கும் பணியை அரசு ஆய்வாளர் என்ற சுதந்திர அமைப்பு 2019-ல் தொடங்கியது. சீர்திருத்தத்தில் விடுபட்டிருந்த கண்ணி அதுதான். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் அவசரமாக வாக்கெடுத்து அதைக் கலைத்து இரண்டு அமைப்புகளாக்கியது. 2024 நவம்பர் இறுதியில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 வரை தள்ளிவைப்பதாகப் பிரதமர் இராக்லி கோபாகிட்சே அறிவித்ததும் திபிலிசியில் இரவு தோறும் கூட்டம் திரண்டது. கைதானவர்களில் பலர் உடலில் அடிபட்ட காயங்களோடு இருப்பதாக நாட்டின் மக்கள் குறைகேட்பு அதிகாரியே கூறினார். உள்துறை அமைச்சர் வக்தாங் கோமெலாவுரி மீது அமெரிக்காவும் பிரிட்டனும் தடை விதித்தன. அந்த இரண்டு அமைப்புகளில், போலீஸ் அத்துமீறலை விசாரிக்க எஞ்சியிருந்த சிறப்பு விசாரணைப் பிரிவும் 2025-ல் கலைக்கப்பட்டு, அதன் வேலை அரசு வழக்குரைஞர் அலுவலகத்துக்குப் போனது.