சங்கத்து அகப்பக்கத்துக்கு ஒரு கிராணிப் புத்தகம்

தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25-ஆம் தேதி வந்தது. 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. பள்ளித் தவணையின் தொடக்கமும் இப்படித்தான் நகர்ந்தது: 2024-இல் மார்ச், 2025-இல் பிப்ரவரி, 2026-இல் ஜனவரி. எழுதிய நாளில் சரியாக இருந்த வரி, யாரும் கை வைக்காமலேயே அடுத்த ஆண்டு தப்பான தகவலாகிவிடுகிறது. அகப்பக்கம் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கத்துக்கும் உள்ள தொல்லை இது.

பிரிக்பீல்ட்ஸ் தொடங்கி கிள்ளான் வரை, ஆலயங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் எனப் பலவும் இன்று இணையத்தில் இடம் பிடித்துள்ளன. தொடங்கும்போது திறப்பு விழாவே நடக்கும். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், முகப்பில் பழைய திருவிழா அறிவிப்பு, பொறுப்பில் இல்லாத தலைவரின் படம், யாரும் எடுக்காத தொலைபேசி எண். காப்பாரிலிருந்து பேருந்து ஏறி, முதலாம் ஆண்டுப் பதிவுக்காக வரும் ஒரு தாய் பழைய தேதியை நம்பி வந்தால், அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். பதிவே தவறினால் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடலாம். ஒவ்வொரு மாணவராக எண்ணிக்கொண்டிருக்கும் சிறிய தமிழ்ப்பள்ளிக்கு அது பெரிய இழப்பு.

இதைப் பொறுப்பாளர்களின் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் காரணம் வேறு. தளத்தில் மொத்தம் எத்தனை பக்கம் இருக்கிறது, எதில் என்ன எழுதியிருக்கிறது, எதை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறுவார். கடவுச்சொல் கைமாறும். தலைக்குள் இருந்தது கைமாறாது.

இதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு விரிதாள் போதும்.

விரிதாள் என்றதும் கணக்காளர் வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய பொருளே இல்லை. காலையில் பெரட்டு நடக்கும்போது கிராணி வைத்திருந்த புத்தகம் நினைவிருக்கும்: இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள், ஒவ்வொரு கட்டத்திலும் வந்தாரா, வரவில்லையா என்ற குறி. கிராணி விடுமுறையில் போனாலும் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் இன்னொருவருக்குக் கணக்கு புரியும். விரிதாளும் அதே கட்டங்கள்தான். ஆட்களுக்குப் பதிலாக அகப்பக்கத்தின் பக்கங்களுக்குப் பெயர் கூப்பிடுகிறது, அவ்வளவே.

கூகள் நிறுவனம் தன் விரிதாளை 2006-இல் வெளியிட்டது. கைப்பேசியிலும் திறக்கலாம், ஒரே நேரத்தில் பலர் எழுதலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது பழக்கமானதுதான். கல்வி அமைச்சின் டெலிமா தளம் 2020-இல் வந்ததிலிருந்து கூகள் செயலிகள் வகுப்பறைக்குள் வந்துவிட்டன. ஆகவே, ஒவ்வொரு சங்கத்திலும் கற்றுக்கொடுக்க ஒருவராவது இருப்பார்.

எதை எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் ஓர் எண். அடுத்து பக்கத்தின் தலைப்பு, அதன் முழு இணைய முகவரி, பொறுப்பாளர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி, நிலை. கடைசியில் குறிப்பு எழுத ஓர் அகலமான கட்டம். ஆர்வத்தில் இருபது கட்டம் போடுபவர்கள் உண்டு. மூன்றாவது மாதம் அவற்றில் பாதி வெறுமையாகக் கிடக்கும்.

எண் எதற்கு என்று கேட்கலாம். தலைப்பு மாறும், முகவரியும் மாறும், எண் மாறாது. தமிழில் இதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்ற விவரமும் நூலின் தொடக்கத்திலேயே இருக்கும். இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியது. அதிலும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் உண்டு. ஒருவரையொருவர் நேரில் பார்க்காதவர்கள்கூட இப்படிப்பட்ட ஒழுங்கினால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்ய முடிந்திருக்கிறது. ஒரே ஊரில், ஒரே புலனக் குழுவில் இருப்பவர்களால் முடியாதா என்ன?

பொறுப்பாளர் கட்டத்தில் 'செயற்குழு' என்று எழுதுவது வீண். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாரும் தொட மாட்டார்கள். ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டிய தேதிதான் இந்த விரிதாளின் உயிர். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தவணை வைக்கக்கூடாது. ஆலய வரலாறு பக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பூசை நேரத்தைத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பு பார்க்க வேண்டும். பதிவுத் தகவலைக் கல்வி அமைச்சின் அறிவிப்பு வந்த அன்றே பார்க்க வேண்டும். அந்தத் தேதி கடந்துவிட்டால் கட்டம் தானாகச் சிவப்பாகும்படி செய்யலாம். 'ஃபார்மட்' பகுதியில் உள்ள 'கண்டிஷனல் ஃபார்மட்டிங்' என்பதைத் திறந்து, 'இன்றைக்கு முந்தைய தேதி' என்ற நிபந்தனையைத் தேர்ந்தெடுத்தால் போதும். சூத்திரம் எதுவும் எழுத வேண்டாம். நிலை கட்டத்தில் ஆளுக்கொரு சொல் எழுதாமல் இருக்க, சரி, திருத்த வேண்டும், நீக்க வேண்டும் என்ற மூன்றை மட்டும் கீழிறங்கும் பட்டியலாக வைக்கலாம். இந்த அமைப்பையெல்லாம் முதல் முறை கணினியில் செய்வது நல்லது. பிறகு கைப்பேசியே போதும்.

தொடக்கத்தில் பலர் இடறும் இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும். விரிதாளின் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், 03/04 என்று எழுதியதை அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் அது ஏப்ரல் 3. அமைப்புகளில் நாட்டை, நாளை முதலில் எழுதும் ஒரு நாடாக மாற்றிய பிறகே தேதி எழுதத் தொடங்க வேண்டும். இன்னொன்று தொலைபேசி எண். 012 என்று தொடங்கும் எண்ணை எழுதினால், அதை ஒரு தொகையாக நினைத்து முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். அந்த வரிசை முழுவதையும் வெறும் எழுத்து என்று முன்கூட்டியே அமைத்துவிட்டால் எண் அப்படியே நிற்கும்.

தமிழுக்கே உரிய சிக்கலும் உண்டு. ஒருவர் 'கிள்ளான்' என்று எழுதுவார், இன்னொருவர் 'கிளாங்' என்பார். 'பிரிக்பீல்ட்ஸ்' நான்கு விதமாக வரும். பிறகு தேடினால் பாதிதான் அகப்படும். ஊர்ப்பெயர்களுக்கு ஓர் எழுத்துமுறையை முடிவுசெய்து, அதையும் கீழிறங்கும் பட்டியலாக வைப்பதே வழி. பழைய தளங்களில் இருந்து எடுக்கும் செய்திகளில் வேறொரு தொல்லை வரும். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழுக்குப் பலவகைக் குறியாக்கங்கள் புழங்கின. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதுகூட இந்தக் குழப்பம் ஓய்ந்திருக்கவில்லை. அந்தக் காலத்துப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். எழுத்து கெட்டுவிட்டது என்று அழித்துவிடக் கூடாது. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. நிலை கட்டத்தில் 'திருத்த வேண்டும்', குறிப்பில் 'பழைய எழுத்துரு' என்று எழுதி வைத்தால் போதும், தெரிந்தவர் பிறகு மாற்றுவார்.

முழு முகவரியை எழுதி வைப்பதிலும் ஒரு லாபம் இருக்கிறது. தளம் ஒருநாள் மறைந்துபோனாலும், 1996 முதல் உலகத்து இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இணையக் காப்பகத்தில் அந்த முகவரியைக் கொடுத்துத் தேடலாம். பழைய படி கிடைக்க வாய்ப்புண்டு. முகவரி தெரியாவிட்டால் தேடுவதற்கே வழியில்லை.

படங்கள்தாம் பெரிய வேலை

அறிவிப்பு தவறினால் திருத்திவிடலாம். படத்தில் இருப்பவர் யார் என்பது மறந்துபோனால் அதை எங்கே போய்த் தேடுவது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம், பூச்சோங்கில் காசல்ஃபீல்டு, ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் என்று தோட்டப் பெயர்களைச் சுமந்து நிற்பவை தமிழ்ப்பள்ளிகள். மற்றவை எல்லாம் பெட்டிகளில் கிடக்கும் படங்கள்: லயத்து வீட்டு வாசல், கோயில் திருவிழா, ஆறாம் ஆண்டு மாணவர்கள் வரிசையாக நின்ற படம். முன்னாள் மாணவர்கள் இவற்றைத் தங்கள் தளத்திலும் முகநூலிலும் ஏற்றுகிறார்கள். கீழே 'மலரும் நினைவுகள்' என்று ஒரு வரி, இருநூறு விருப்பக்குறி. ஆனால், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் யார் என்று எதுவும் இருக்காது. கருத்துப் பகுதியில் யாரோ ஒரு பெரியவர், 'இடமிருந்து மூன்றாவது என் அக்கா, அது பழைய கோயில் இடம் மாறுவதற்கு முந்தின வருடம்' என்று எழுதியிருப்பார். ஒரு வாரத்தில் அது கீழே போய்விடும்.

அந்த ஒரு வரிக்குத்தான் விரிதாளில் இடம் வேண்டும். படங்களுக்குத் தனித் தாள் ஒன்று திறந்து, எண், தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர்கள், இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், மூலப்படம் யாரிடம் இருக்கிறது, வெளியிட அனுமதி உண்டா என்று எழுத வேண்டும். 'சொன்னவர் யார்' என்ற கட்டத்தைப் பலர் தேவையில்லை என்பார்கள். இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது அதன் அருமை தெரியும். இரண்டையும் எழுதி வைக்கலாம், எது சரி என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் '1960-களில்' என்பதே நேர்மை. விரிதாள் நிரம்பி அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 1964 என்று போட்டுவிட்டால், அடுத்த பத்து ஆண்டுக்கு அதுவே வரலாறாக நகலெடுக்கப்படும்.

படத்துக்கும் விரிதாளுக்கும் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க, கோப்பின் பெயரிலேயே அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும். புலனம் வழியாக அனுப்பும் படம் வழக்கமாகச் சுருங்கித்தான் வந்து சேரும். மூலக் கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

யாருடைய கணக்கில் இருக்கிறது?

விரிதாளைத் திறக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. செயலாளரின் சொந்தக் கணக்கில் திறந்தால், அது அவருடைய பொருள். ஆசிரியர் தம் டெலிமா கணக்கில் திறந்தால், பணி ஓய்வுக்குப் பிறகு சங்கத்துக்கு அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சங்கத்தின் பெயரிலேயே ஒரு கணக்கு வேண்டும். அதன் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, அவற்றில் உள்ளதோடு சேர்த்து நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் கூகள் தொடங்கியது. கணக்கைத் திறந்துவிட்டு மறந்துவிடும் சங்கங்களுக்கு இது உண்மையான ஆபத்து. இலவச இடமும் 15 ஜிபி மட்டுமே. விரிதாள் அதில் கடுகளவுதான் பிடிக்கும், படங்கள் விரைவில் நிரப்பிவிடும். ஆண்டுக் கணக்கறிக்கை தயாராகும்போதே விரிதாளைப் பதிவிறக்கி ஒரு நகலைப் பொருளாளரிடமும் கொடுத்து வைப்பது வழக்கமாகலாம்.

'இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்' என்ற அமைப்பைத் தொடவே கூடாது. அந்த இணைப்பு ஒரு புலனக் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு நிமிடம் போதும். திருத்தும் உரிமை மூன்று, நான்கு பேருக்கு இருக்கட்டும், மற்றவர்கள் கருத்து மட்டும் சொல்லலாம். தவறுதலாக யாராவது வரிகளை அழித்துவிட்டால் பதற வேண்டாம். 'வெர்ஷன் ஹிஸ்டரி' பகுதியில் முந்தைய நிலை இருக்கும், மீட்டுவிடலாம்.

அடையாள அட்டை எண், பிறப்புப் பத்திர எண், நன்கொடையாளரின் வங்கி விவரம் ஆகியவை இந்த விரிதாளுக்குள் வரவே கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளைக் குறித்தது என்றாலும், பிள்ளைகளின் விவரம் வெளியே கசிந்தால் பெற்றோர் சட்டப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தொடங்க ஓர் இரவு போதும். ஒருவர் கைப்பேசியில் தளத்தைத் திறந்து பக்கம் பக்கமாக வாசிக்க, இன்னொருவர் கட்டங்களை நிரப்பலாம். நாற்பது பக்கமுள்ள தளம் என்றால் அதில் பத்தாவது 'நீக்க வேண்டும்' என்ற பட்டியலில் சேரும். அதைப் பார்த்து மனம் வருந்தத் தேவையில்லை. பிறகு மாதாந்திரச் செயற்குழுக் கூட்டத்தில் சிவப்பாக இருக்கும் வரிகளை மட்டும் திரையில் காட்டி, அந்தப் பொறுப்பாளரிடம் எப்போது முடியும் என்று கேட்டுக் கூட்டக்குறிப்பில் எழுதினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். செயலாளர் மாறும் ஆண்டில், முத்திரையோடும் கோப்புகளோடும் இந்த விரிதாளும் ஒப்படைப்புப் பட்டியலில் ஏற வேண்டும். பொறுப்பாளர் கட்டத்தில் பழைய பெயர்களை மாற்றிய பிறகே புதியவர் கையெழுத்திடலாம்.