மந்த வாயு என்றால் சும்மா இருக்கும் வாயுவா?



ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். இந்த ஆறு பெயரையும் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். "மந்த வாயுக்கள் எதனுடனும் சேராது" என்று எழுதினால் இரண்டு மார்க். அதோடு மறந்துவிடுவோம்.

எங்க அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. வெல்டிங் பட்டறையில் ஹெல்பர். இந்தப் பாடத்தை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒண்ணும் பண்ணாதுன்னா, ஆர்கான் அடைச்ச தொட்டிக்குள்ள எறங்கலாமாடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. படித்தும், எங்க சாரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஏன் சேருவதில்லை? அணுவின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அது நிலையானது. ஹீலியத்துக்கு இரண்டே போதும். மற்ற அணுக்கள் எலக்ட்ரானைக் கொடுத்தோ, வாங்கியோ, பங்கு போட்டோ அந்த நிலைக்கு வரப் பார்க்கின்றன. மந்த வாயுக்களுக்கு அந்தத் தேவையே இல்லை. வயிறு நிறைந்தவனைப் பந்திக்கு இழுக்க முடியுமா?

ஆனால் 'சேரவே சேராது' என்பதும் முழு உண்மை இல்லை. 1962-ல் கனடாவில் நீல் பார்ட்லெட் என்ற விஞ்ஞானி, ஆக்சிஜனிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கும் பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடைச் செனானுடன் கலந்தார். மஞ்சள் நிறத் திடப்பொருள் கிடைத்தது! செனான் பெரிய அணு. அதன் வெளி எலக்ட்ரான்கள் கருவிலிருந்து தள்ளி இருப்பதால் பிடி தளர்வு. ஹீலியத்தின் பிடியோ மிக இறுக்கம்.

காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான் இருக்கிறது. டிக் வெல்டிங்கில் உருகிய உலோகத்தைக் காற்று தொடாமல் காப்பது அதுதான். ஆக்சிஜனை விலக்கி வைப்பதே அதன் வேலை. ஆபத்தும் அதே வேலையில்தான்!

ஆர்கான் காற்றைவிடக் கனமானது. தொட்டியிலும் குழியிலும் அடியில் தங்கி, ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். நிறமில்லை, மணமில்லை. மூச்சு முட்டும் உணர்வு நமக்கு வருவது உடம்பில் கரியமில வாயு சேர்வதால். ஆர்கானைச் சுவாசிக்கும்போது கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிவிடும். அதனால் முட்டலே தெரியாது. ஓரிரு மூச்சிலேயே மயங்கி விழலாம். ரசாயன மாற்றம் எதுவும் நடக்காமலே உயிர் போய்விடும். தூக்கப் போகிறேன் என்று உள்ளே குதிப்பவருக்கும் இதே கதிதான்.

படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் தொழிற்சாலைக்குப் போவோம். தொட்டிக்குள் இறங்கும் முன் நல்ல காற்றைச் செலுத்த வேண்டும், ஆக்சிஜனை மீட்டரால் அளக்க வேண்டும், வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், யார் அவசரப்படுத்தினாலும் இறங்காதீங்க.

அப்பாவிடம் பதிலைச் சொன்னேன். "இதை மத்த பசங்களுக்கும் சொல்லுடா" என்றார். சொல்லிவிட்டேன்.