உங்களுக்குத் தெரியுமா? வண்ணத் தாத்தா பாட்டிக்கு வெள்ளைப் பேரக்குட்டி!

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த விஷமற்ற கார்ன் ஸ்நேக், அங்கே வீடுகளில் ஆசையாக வளர்க்கப்படும் பாம்பு. காட்டுப் பாம்பின் ஆரஞ்சு உடலில் கருப்புக் கரையிட்ட சிவப்புத் திட்டுகள் இருக்கும். கருநிறமி இல்லாத ‘அமெல்’ வகையில் அந்தக் கரையே கிடையாது, கண்ணும் சிவப்பு. காரணம் ஓசிஏ2 என்ற மரபணுவின் பழுது என்று 2015-இல் கண்டறிந்தார்கள். சிவப்பு நிறமி இல்லாத ‘அனெரி’ சாம்பலும் கருப்புமாக இருக்கும். வளர வளரத் தொண்டையோரம் மஞ்சள் ஏறும்.

இரண்டும் ஒடுங்கு பண்புகள்; அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அமெலையும் அனெரியையும் இணைத்தால் குட்டிகள் பொதுவாகக் காட்டு நிறத்திலேயே வரும். ஆனால் இரு மரபணுக்களும் உள்ளே மறைந்திருக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தமக்குள் இணைந்தால், 16-இல் 1 என்ற கணக்கில் இரு நிறமும் இழந்த வெள்ளை ‘ஸ்னோ’ பிறக்கும். ஒரு தடவை இடுவது பத்துப் பதினைந்து முட்டை என்றால், ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். இரு மரபணுக்களும் மறைந்திருக்கும் அந்தப் பாம்பை ஒரு ஸ்னோவுடன் சேர்த்தால் வாய்ப்பு 4-இல் 1 ஆக உயரும். எனவே ஜோடி சேர்க்க வாங்குபவர் தோலின் நிறத்தோடு, தாய் தந்தை யார் என்ற குறிப்பையும் கேட்டு வாங்க வேண்டும்.