புலம்பெயர் தமிழ் வகுப்பறையில் கருவியும் எழுத்தும்: இலண்டனை முன்னிறுத்திய ஒரு நோக்கு

முன்னுரை

2011ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 1 இலட்சம் பேர் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இலண்டன் மாநகரில் வாழ்பவர்கள். அவர்தம் பிள்ளைகள் தமிழ் எழுத்தை வார இறுதிப் பள்ளிகளில், வாரத்திற்குச் சில மணி நேரமே கற்கின்றனர். அச்சிறு பொழுதில் கணினிக்கும் திறன்பேசிக்கும் எவ்வளவு இடம் தரலாம் என்பது ஆசிரியர் முன்னுள்ள வினா. அதனை எழுத்துக் கற்பித்தலின் வழி நின்று இக்கட்டுரை விளக்குகிறது.

வெண்பலகை தந்த பாடம்

2003–04 கல்வியாண்டில் இலண்டன் இடைநிலைப் பள்ளிகளின் ஆங்கில, கணித, அறிவியல் துறைகளுக்கு ஊடாட்ட வெண்பலகைகள் அரச நிதியில் பெருமளவில் வழங்கப்பட்டன. அதன் பயனை மதிப்பிட்ட இலண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனம் 2007இல் அறிக்கை வெளியிட்டது. பலகைகள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதலாண்டில் மாணவர் அடைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. பின்தங்கிய மாணவர் குழுக்களில், ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து செயற்பட்டமையால் பாடத்தின் வேகம் குறைந்ததும் உண்டு. முழுநேரப் பள்ளியிலேயே நிலை இதுவாயின், வாரம் ஒருமுறை கூடும் தமிழ் வகுப்பு இழந்த நிமிடங்களை எங்ஙனம் ஈடுசெய்யும்?

விசைப்பலகையும் இலக்கணமும்

தமிழ் வகுப்புக்கே உரிய சிக்கல் உள்ளீட்டு முறையில் உள்ளது. ஒலிபெயர்ப்பு முறையில் ‘அம்மா’ என எழுத விரும்பும் பிள்ளை, அச்சொல்லை முதலில் உரோமன் எழுத்துகளாக மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு இது எளிது. எனினும் அதன் மனத்தில் நிகழ்வது ஆங்கில எழுத்துக் கூட்டலே. ல, ள வேறுபாடும் ண, ன வேறுபாடும் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளின் வேறுபாடாகச் சுருங்கிவிடுகின்றன.

1999இல் தமிழ்நாட்டரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை இதனின் வேறானது. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. மெய்க்குரிய விசை அகரமேறிய எழுத்தைத் தருகிறது. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளை அழுத்தினால் ‘அம்மா’ தோன்றும்; இரட்டிக்கும் மெய்யில் புள்ளி தானே அமையும். ‘ங’வை அடுத்துக் ‘க’ வரினும் அவ்வாறே. உயிர்மெய்ப் புணர்ப்பும் இனவெழுத்து உறவும் இங்கு விரல்வழிப் பயிற்சியாகின்றன. பழகுவதற்கு அதிக நாள் எடுக்கும் இம்முறையே கற்பித்தல் நோக்கில் வலிமையுடையது.

கையெழுத்தின் இடம்

ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் ககரமும் அடுத்து எகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் முறைக்கு இஃது இயைகிறது. கையால் எழுதும்போதோ ஒற்றைக்கொம்பே முதலில் வருகிறது. தட்டெழுத்தை மட்டும் அறிந்த பிள்ளை ‘கெ’, ‘கொ’ ஆகியவற்றைக் கையால் எழுதத் தடுமாறுவது இயல்பே. மேலும், சொல்லை முன்னுரைக்கும் செயலியில் பிள்ளை எழுத்தை நினைவிலிருந்து மீட்பதில்லை. காட்டப்பட்டவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்கிறது. அறிதல் வேறு, ஆக்கல் வேறு.

முடிவுரை

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல தமிழ் வகுப்புகள் அறுபடாமல் தொடர்ந்தமைக்கு இணையமே காரணம். அந்நன்மை மறுக்கத்தக்கதன்று. எனினும் கருவிக்கு உரிய வரிசையை ஆசிரியரே வகுத்தல் வேண்டும். தொடக்க நிலையில் கையெழுத்தும் வாய்விட்டுப் படித்தலும், எழுத்து நிலைபெற்றபின் தமிழ்99, அதன்பின் ஒலிபெயர்ப்பும் சொல் முன்னுரைப்பும் என்பது பொருத்தமான வரிசை. கேட்டல், பார்த்தல் பயிற்சிகளுக்கான ஒலி, ஒளிப் பதிவுகளை வீட்டுப் பயிற்சியாக அளித்துவிட்டால், வகுப்பு நேரம் உரையாடலுக்கு எஞ்சும். வீட்டுக்கு வெளியே தமிழ் பேசக் கிடைக்கும் அரிய இடமாக வார இறுதி வகுப்பு விளங்கும் மாநகரில், அந்நேரத்தைக் காப்பதே ஆசிரியரின் முதற்கடன்.