ஆரக்கிள் கிளையன்ட்: முதலில் பிட் பாருங்கள்

அலுவலக சர்வரில் உள்ள ஆரக்கிள் டேட்டாபேஸை உங்கள் விண்டோஸ் கணினியிலிருந்து பயன்படுத்த, டேட்டாபேஸையே கணினியில் நிறுவ வேண்டியதில்லை. கிளையன்ட் மென்பொருள் போதும். அதில் எளியது இன்ஸ்டன்ட் கிளையன்ட். ஆரக்கிள் தளத்தில் இலவசமாக, ஜிப் கோப்பாகக் கிடைக்கிறது.

டவுன்லோடு செய்யும் முன், 32 பிட்டா 64 பிட்டா என்று முடிவு செய்யுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். கிளையன்ட் பொருந்த வேண்டியது விண்டோஸுக்கு அல்ல, அதைப் பயன்படுத்தப்போகும் மென்பொருளுக்கு. விண்டோஸ் 64 பிட், எக்செல் 32 பிட் என்றால் 32 பிட் கிளையன்ட்தான் வேண்டும். எக்செலில் ஃபைல், அக்கவுன்ட், அபவுட் எக்செல் என்று போனால் பிட் தெரிந்துவிடும்.

பேசிக் பொட்டலம் கட்டாயம். கட்டளைகளை எழுதி இயக்கும் எஸ்க்யூஎல் பிளஸ் வேண்டுமானால் அதையும், எக்செலுக்கு ஓடிபிசி பொட்டலத்தையும் அதே பதிப்பில் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் விரியுங்கள். ஓடிபிசி எடுத்தவர்கள் அதிலுள்ள இன்ஸ்டால் கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்க வேண்டும். பதிப்புக்கு ஏற்ற மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைமும் தேவை. 19ஆம் பதிப்புக்கு 2017 ரன்டைம்.

அடுத்தது பாத், அதாவது விண்டோஸ் நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல். ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மென்ட்' என்று தேடி, என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டியைத் திறந்து, பாத் வரியில் அந்த ஃபோல்டரின் முழு முகவரியைச் சேருங்கள். பழைய ஆரக்கிள் கிளையன்ட் இருந்தால் புதியதை அதற்கு மேலே நகர்த்துங்கள். விண்டோஸ் மேலிருந்துதான் தேடும். ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு இந்த மாற்றம் தெரியாது. புதிதாக ஒன்றைத் திறந்து சோதியுங்கள்.

இணைக்க சர்வர் பெயர், போர்ட், சர்வீஸ் பெயர் மூன்றும் வேண்டும். போர்ட் வழக்கமாக 1521. கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதாதீர்கள். எஸ்க்யூஎல் பிளஸ் தானே கேட்கும்.

12154 என்ற பிழை வந்தால், நீங்கள் கொடுத்த இணைப்புப் பெயரைக் கிளையன்ட்டால் அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். எழுத்துப் பிழை இருக்கிறதா, இணைப்புப் பெயர்களைக் கொண்ட டிஎன்எஸ் நேம்ஸ் (tnsnames.ora) கோப்பு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 12541 என்றால் நீங்கள் கொடுத்த போர்ட்டில், சர்வரில் இணைப்புகளை ஏற்கும் லிசனர் பதில் சொல்லவில்லை. போர்ட் எண்ணைச் சரிபார்த்துவிட்டு டேட்டாபேஸ் நிர்வாகியிடம் சொல்லுங்கள். இரண்டுக்குமே கிளையன்ட்டை அழித்து மறுபடி நிறுவுவது தீர்வல்ல.

அறிக்கை எடுப்பது மட்டுமே உங்கள் வேலை என்றால், படிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கும் நல்லது, டேட்டாவுக்கும் பாதுகாப்பு.