கண்காணிப்புக் கேமராவும் வீட்டு வலையமைப்புத் துண்டிப்பும்

கண்காணிப்புக் கேமராவால் நேரும் வலையமைப்புத் துண்டிப்பு என்பது, இணையத்துடன் இணைக்கப்பட்ட கேமராவின் இயக்கத்தால் ஒரு வீட்டிலுள்ள கணினி, கைபேசி, தொலைக்காட்சி முதலியவற்றின் இணைப்பு விட்டுவிட்டு அறுபடுவதைக் குறிக்கும். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை தரவைப் பெறுபவை. கேமராவோ இரவும் பகலும் தரவை அனுப்பிக்கொண்டிருப்பது. இக்கோளாறுகளில் பலவற்றுக்கு இவ்வேறுபாடே அடிப்படையாகும். காரணங்களை வானலை, முகவரி, பதிவேற்றம், மின்வழங்கல், தீநிரல் என ஐந்தாகப் பகுக்கலாம். இவற்றுள் பலவும் தமக்கெனக் கால ஒழுங்கு ஒன்றைக் கொண்டிருப்பதால், துண்டிப்பு எப்போது நேர்கிறது என்பதைக் குறித்து வைப்பதே கண்டறிதலின் முதற்படியாகும்.

வரலாறு

1991 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காப்பிக் கலன் நிறைந்திருக்கிறதா என்பதை இருக்கையிலிருந்தே பார்ப்பதற்காக ஒரு கேமரா உள்ளக வலையமைப்புடன் இணைக்கப்பட்டது. 1993 இல் அதன் படம் உலகளாவிய வலையில் கிடைக்கலாயிற்று. 1996 இல் சுவீடன் நாட்டின் ஆக்சிஸ் நிறுவனம், கணினியின் துணையின்றி நேரடியாக வலையமைப்பில் இணையும் கேமராவை வெளியிட்டது.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை 2005 இல் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது. 2018 இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் உரிமம் தேவைப்படாத பகுதி விரிவாக்கப்பட்டது. வீட்டில் கம்பியில்லாக் கேமரா பரவியதற்கு இவ்வனுமதிகளும் துணைநின்றன.

புதுக்கோட்டை மாவட்டச் சூழல்

செட்டிநாடு எனப்படும் பகுதி சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவியுள்ளது. திருமயம் வட்டாரத்து ஊர்களில் காணப்படும் செட்டிநாட்டு வீடுகள், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எனப் பின்னோக்கி நீண்டு செல்பவை. சில வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. உரிமையாளர்கள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்வதால் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளும், முதியோர் மட்டும் வாழும் வீடுகளும் உண்டு. இத்தகைய வீட்டில் கேமரா என்பது தொலைவிலுள்ள குடும்பத்தினரின் கண் போன்றது. இணைப்பு அறுந்தால் அக்கண்ணும் மூடிக்கொள்கிறது. எனவே, கேமராவைக் கழற்றிவிடுவது இங்கு தீர்வாகாது.

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர்கள் வானலையை வலுவிழக்கச் செய்பவை. ரூட்டர் என வழங்கும் திசைவி முகப்பிலும், கேமரா பின்கட்டு வாயிலிலும் இருந்தால், இடையே பல சுவர்கள் அமைந்துவிடுகின்றன.

காரணங்கள்

வானலை நெரிசல்

வை-ஃபை வலையமைப்பில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே அனுப்ப இயலும். தொலைவில் உள்ள கருவி பிழையின்றி அனுப்புவதற்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, நொடிக்கு 2 மெகாபிட் அனுப்ப வேண்டிய கேமரா, 72 மெகாபிட் வேகத்தில் இணைந்திருந்தால் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 36 இல் ஒரு பங்கே போதும். அதே கேமரா 6 மெகாபிட் வேகத்துக்கு இறங்கினால், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். மெதுவான ஒரு கருவி ஏனைய அனைத்தையும் மெதுவாக்கும் இவ்வியல்பை பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003 இல் விளக்கினர்.

பழைய ஒப்புமை வகைக் கம்பியில்லாக் கேமராக்கள் இதனினும் இடையூறானவை. இவை இடைவிடாது அலையைப் பரப்புகின்றன. அனுப்புமுன் பிறர் அலையைச் செவிமடுப்பது வை-ஃபையின் விதியாதலால், அக்கருவிகள் தம் முறை வருமெனக் காத்தே கிடக்கின்றன.

முகவரி மோதல்

வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி ஐ.பி. முகவரி தேவை. திசைவி இவற்றைத் தானாக வழங்குகிறது. சில கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் 192.168.1.64, 192.168.1.108 போன்ற நிலையான முகவரியுடன் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. திசைவி அதே முகவரியை ஒரு கைபேசிக்கு வழங்கிவிட்டால் இரண்டும் மாறிமாறித் துண்டிக்கப்படும். கேமராவுக்குத் திசைவியின் முகவரியே கைதவறி இடப்பட்டிருந்தால் வீடு முழுவதும் இணைப்பை இழக்கும்.

பதிவேற்றப் பாதை நிரம்புதல்

நொடிக்கு 2 மெகாபிட் வீதம் வெளிச்சேமிப்பகத்துக்கு இடைவிடாது அனுப்பும் கேமரா, ஒரு நாளில் 21.6 கிகாபைட் தரவை அனுப்புகிறது. இத்தகைய நான்கு கேமராக்களுக்கு நொடிக்கு 8 மெகாபிட் பதிவேற்ற வேகம் தேவை. செம்புக் கம்பி வழி வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் பதிவேற்ற வேகம் பெரும்பாலும் 1 மெகாபிட் அளவே ஆகும். கண்ணாடி இழை இணைப்பில் இச்சிக்கல் குறைவு. எனினும் மாதத் தரவு வரம்பு தாண்டி வேகம் குறைக்கப்பட்டபின் அங்கும் தோன்றலாம்.

பதிவேற்றம் நிரம்பினால் பதிவிறக்கமும் தடைப்படும். வந்த தரவுக்கான ஒப்புகைச் செய்தி மேல்நோக்கிச் செல்ல வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். 2010 இல் அமெரிக்க நிரலாளர் ஜிம் கெட்டிஸ், தம் வீட்டிலிருந்து பெரிய கோப்பொன்றை அனுப்புகையில் மறுமொழி நேரம் ஒரு நொடியைத் தாண்டுவதைக் கண்டார். திசைவியிலும் மோடத்திலும் தரவு நீண்ட வரிசையில் தேங்குவதே காரணம் என அவர் காட்டினார். இவ்வரிசையைக் கட்டுப்படுத்தும் முறையொன்றைக் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் 2012 இல் வெளியிட்டனர்.

மின்வழங்கல்

இருள் சூழ்ந்ததும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்னோட்டம் கூடுகிறது. 12 வோல்ட் மின்மாற்றி வலுக்குறைந்ததாக இருந்தாலோ, மெல்லிய கம்பி நீளமாகச் சென்றாலோ மின்னழுத்தம் இறங்கும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் தொலைவு சென்றால், 1 ஆம்பியர் மின்னோட்டத்தில் சுமார் 2 வோல்ட் இழப்பு ஏற்படும். அந்நிலையில் கேமரா அணைந்து மீண்டும் தொடங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் நேரும் ஏற்றத்தாழ்வும் இவ்வகையைச் சேர்ந்தது. அருகில் பெரிய நீரேற்று மோட்டார் இயங்கத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து திசைவி மீள்தொடங்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலால் புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. இத்தகைய நீண்ட மின்தடைக்கு வலையமைப்பு அளவில் தீர்வு இல்லை. சிறிய ஏற்றத்தாழ்வுகளையும் குறுகிய தடைகளையும் மட்டும் மின்கலத் துணையால் கடக்கலாம்.

தீநிரல்

2016 இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகள் டைன் நிறுவனத்தின் வழங்கிகளைத் தாக்கியதால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் முடங்கின. கைப்பற்றப்பட்ட கேமரா வழக்கம்போல் படம் காட்டும். வீட்டின் பதிவேற்றப் பாதை மட்டும் காரணமின்றி நிரம்பும். மிராய் நினைவகத்தில் மட்டும் தங்குவதால் கேமராவை அணைத்து இயக்கினால் நீங்கும். கடவுச்சொல்லை மாற்றாவிடின் மீண்டும் தொற்றும்.

கண்டறிதல்

கோளாற்றின் நேரமே அதன் காரணத்தைச் சுட்டும் என்பதற்கு வேல்சு நாட்டின் ஏபர்ஹோசன் கிராமம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 18 மாதங்களாக நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் இணைய இணைப்பு அறுந்தது. கம்பிகளை மாற்றியும் பயனில்லை. அந்நேரத்தில் ஒரு வீட்டில் இயக்கப்பட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி மின்னிரைச்சலை எழுப்பியது என்பது 2020 இல் தெரியவந்தது.

கேமராவைப் பொறுத்தவரை பின்வரும் ஒழுங்குகள் பொதுவாகக் காணப்படும்:

* அந்தி மயங்கியதும் தொடங்குவது: மின்வழங்கல் குறைபாடு.
* இரவில் அசைவு உணரப்படும்போதெல்லாம் நேர்வது: பதிவேற்ற நெரிசல். விளக்கை நாடும் ஈசலும் கேமராமுன் கட்டிய சிலந்தி வலையும் அசைவாகக் கொள்ளப்படும்.
* திசைவியை அணைத்து இயக்கியபின் வேறொரு கருவிக்கு நேர்வது: முகவரி மோதல்.
* பின்கட்டில் மிகுந்தும் முகப்பில் குறைந்தும் இருப்பது: வானலைச் சிக்கல்.

அடுத்ததாக, பிங் எனும் கட்டளையால் ஒரே நேரத்தில் திசைவியையும் வெளியிலுள்ள ஒரு முகவரியையும், எடுத்துக்காட்டாகக் கூகுளின் 8.8.8.8 ஐ, சோதிக்கலாம். இதனைக் கம்பி வழி இணைந்த கணினியிலும் கம்பியில்லாக் கணினியிலும் தனித்தனியே செய்தல் நன்று. கம்பியில்லாக் கணினிக்கு மட்டும் திசைவி மறுமொழி தராவிட்டால் சிக்கல் வானலையில் உள்ளது. திசைவி மறுமொழி தந்து வெளிமுகவரி தராவிட்டால் பதிவேற்றப் பாதையிலோ, சேவை வழங்குநரிடமோ உள்ளது. அப்போது கேமராவை ஒரு நாள் முழுதும் நிறுத்திப் பார்த்தால் இவ்விரண்டும் பிரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; பலவற்றை ஒருசேர மாற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாது.

தீர்வுகள்

* நிலையான கேமராவுக்குக் கம்பி இணைப்பே சிறந்தது. 2003 இல் வகுக்கப்பட்ட சீர்தரத்தின்படி, ஒரே வலையமைப்புக் கம்பி 100 மீட்டர் வரை தரவையும் மின்சாரத்தையும் கொண்டுசெல்லும். வெளியே செல்லும் கம்பிக்கு இடிமின்னல் காப்பு தேவை.
* கம்பியில்லாமல் இயக்க நேர்ந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 அலைவரிசைகளுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்து, இரண்டாம் கட்டில் மற்றோர் அணுகுமுனையை அமைக்கலாம்.
* கேமராவின் முகவரியைத் திசைவியிலேயே ஒதுக்கி வைக்கலாம்.
* படத்தின் அளவையும் நொடிக்கான சட்டங்களையும் குறைக்கலாம். எச்.264 க்கு மாற்றாக எச்.265 குறியீட்டைத் தேர்ந்தால் ஏறத்தாழ அதே தரத்துக்குப் பாதியளவு தரவே போதும்.
* தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்ற வேண்டும். இந்திய அரசு 2024 இல் அறிவித்த கேமரா பாதுகாப்புத் தேவைகள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் வாங்கப்பட்டவற்றில் இக்கவனம் மிகுதியும் தேவை.
* நினைவட்டை பொருத்தப்பட்ட கேமரா, மின்சாரம் உள்ளவரை, இணைப்பு அறுந்த வேளையிலும் பதிவு செய்துகொண்டிருக்கும். தொலைவிலிருப்போர் அந்நேரத்தில் பார்க்க இயலாவிடினும் நிகழ்ந்தது அழியாமல் இருக்கும். பூட்டிய வீடுகளுக்கு இது இன்றியமையாதது.