சிறுநீர் சொல்லும் சாட்சி

திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹாவில் நடைபெற்ற ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஊக்கமருந்துச் சோதனை அந்தப் பதக்கத்தைப் பறித்தது. ஊக்கமருந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தபோதிலும், 2020-இல் நான்கு ஆண்டுத் தடை அறிவிக்கப்பட்டது.

அவரது சிறுநீரில் காணப்பட்டது 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன். தசையை வளர்க்கும் நாண்ட்ரோலோன் என்னும் ஸ்டீராய்டை உடல் சிதைக்கும்போது உருவாகும் பொருள் இது. தசையில் செலுத்தப்பட்ட எண்ணெய் ஊசியின் சுவடு, பல மாதங்கள் கழித்தும் இதன் வடிவில் வெளிப்படக்கூடும்.

எனினும், கர்ப்ப காலத்தில் இப்பொருள் உடலிலேயே சிறிதளவு உருவாகிறது. காயடிக்கப்படாத பன்றியின் இறைச்சியை உண்டாலும் தோன்றலாம். எனவேதான் மில்லி லிட்டருக்கு 2 நானோகிராம் என்ற வரம்பு வகுக்கப்பட்டது. அதைச் சற்றே தாண்டிய அளவில் ஐயம் எழுந்தால், கார்பன் ஐசோடோப்புகளின் விகிதத்தை ஆராய்ந்து, பொருள் உடலில் விளைந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிகின்றனர்.

இவ்வளவு நுட்பமான சோதனையின் முன், ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல் நிற்பதில்லை. உடலில் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது விதி. ஆகவே, தென்னூர் உடற்பயிற்சிக் கூடமாயினும் கிராமத்து மைதானமாயினும், ஊசியிலும் புரதப் பொடியிலும் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை, பயிற்சியின் முதல் நாளிலேயே கற்றுத்தருவது பயிற்சியாளர்களின் கடமை.